ஹங்கர் கேம்ஸ் வாசகர்கள் பேசாமல் விடும் பசி

சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008 செப்டம்பரில் வெளிவந்தது. அன்றிலிருந்து அதைப் பற்றி உலகம் முழுக்கச் சண்டைதான். கதாநாயகியை விரும்பும் இருவரில் பீட்டா நல்லவனா, கேல் நல்லவனா என்று ஒரு சண்டை. ஜப்பானிய நாவல் ஒன்றைப் பார்த்து எழுதியதா என்று ஒரு சண்டை. பிள்ளைகளைப் பிள்ளைகளே கொல்லும் கதையைப் பள்ளி நூலகத்தில் வைக்கலாமா என்று ஒரு சண்டை. மூன்றாவது பாகம் தேறுமா தேறாதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இத்தனை பேச்சிலும், புத்தகத்தின் பெயரிலேயே இருக்கிற பசியைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு இந்த மூன்று பாகங்களும் முதலிலிருந்து கடைசி வரை சாப்பாட்டைப் பற்றிய கதை. அப்படிப் படித்தால், வாசகர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

படிக்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மூன்று பாகங்களின் முடிவையும் கீழே பேசப்போகிறேன்.

கதைக்களத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழிந்துபோன வட அமெரிக்காவின் மேல் எழுந்த நாடு பானெம். நடுவே கேபிட்டல் என்ற செல்வம் கொழிக்கும் தலைநகரம். அதைச் சுற்றி, அதற்காகவே உழைக்கும் 12 மாவட்டங்கள். ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையன், ஒரு பெண் என மொத்தம் 24 பேரைக் குலுக்கலில் எடுத்து ஒரு களத்தில் இறக்கிவிடுவார்கள். ஒருவர் மிஞ்சும்வரை கொலை. அதை நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தே ஆகவேண்டும். பன்னிரண்டாம் மாவட்டத்தில் தங்கை ப்ரிம்மின் பெயர் வர, அவளுக்குப் பதிலாகத் தானே போகிறாள் கதாநாயகி காட்னிஸ். அவளோடு போகும் பையன் பீட்டா. ஊரில் அவளோடு வேட்டைக்குப் போகும் தோழன் கேல். ஒரு இரவு டிவி சேனல்களை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் ரியாலிட்டி ஷோவும் இன்னொன்றில் ஈராக் போர்க் காட்சிகளும் ஓட, இரண்டும் தன் மனதில் கலந்ததில் பிறந்த கதை இது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார்.

என் அண்ணன் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் இதைப் படித்தாள். அவளோடு அவள் தோழிகள் சிலரும் படித்தார்கள். சாயங்காலங்களில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அவர்கள் போட்ட வாக்குவாதங்களைக் கேட்டுத்தான் இதை எழுதத் தோன்றியது.

"அத்தை, எனக்கு காட்னிஸைப் பிடிக்கவே இல்ல. பீட்டா அவளுக்காக உயிரையே விடுறான். அவ கணக்குப் பார்த்துட்டே இருக்கா. கல்லு மாதிரி இருக்கா."

இது அவளுடைய கருத்து மட்டுமில்லை. உலகம் முழுக்க இந்த நாவலைப் பற்றி அடிக்கடி கேட்கிற புகார் இது. கதாநாயகி ஒட்டவில்லை, உணர்ச்சி இல்லாதவள், காதலிக்கத் தெரியாதவள் என்கிறார்கள்.

சரி, அவள் என்ன கணக்குப் பார்க்கிறாள்? முதல் அத்தியாயத்திலேயே அந்தக் கணக்கு வருகிறது. 12 வயதானால் குலுக்கலில் உங்கள் பெயர் ஒரு முறை போடப்படும். அடுத்த வருடம் இரண்டு முறை. இப்படி ஏறிக்கொண்டே போகும். ஆனால் வீட்டில் சோறில்லை என்றால் கூடுதலாக உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான தானியமும் எண்ணெயும் கொஞ்சம் கிடைக்கும். அதற்குப் பெயர் டெஸரா. வீட்டில் எத்தனை தலையோ அத்தனை முறை வாங்கலாம். காட்னிஸ் 12 வயதிலிருந்தே அம்மாவுக்கும் தங்கை ப்ரிம்முக்கும் தனக்கும் சேர்த்து வாங்கி வருகிறாள். அதனால் 16 வயதில் அவள் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது. ஐந்து பேர் குடும்பத்தைத் தாங்கும் 18 வயது கேலின் பெயர் 42 சீட்டுகளில். மேயரின் மகள் மேட்ஜுக்கோ ஐந்தே சீட்டு இருக்கலாம். குலுக்கல் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் யார் வீட்டு அடுப்பு எரியவில்லையோ அவர்கள் பெயர்தான் கண்ணாடிக் குடுவையில் நிறைந்து கிடக்கும். ரேஷன் அரிசிக்கு விலையாக உயிரை அடமானம் கேட்கும் இந்த ஏற்பாட்டை நான் படித்த எந்த அரசியல் நூலும் இத்தனை தெளிவாக என் மனதில் பதித்ததில்லை.

கேல் மேட்ஜிடம் எரிந்து விழுவது இதனால்தான். காட்னிஸுக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்தப் பெண் என்ன செய்வாள் என்கிறாள். ஒரே மாவட்டத்துக்குள் சீட்டுக் குறைந்தவர் மேல் சீட்டு அதிகமுள்ளவர் கோபப்பட்டால் கேபிட்டலுக்கு வசதிதான் என்று கேலுக்கும் தெரியும். தெரிந்தும் அடக்க முடியவில்லை. இரண்டு பேருடைய சுபாவமும் இங்கேயே வந்துவிடுகிறது. மூன்றாம் பாகத்தில் இவர்கள் ஏன் பிரிகிறார்கள் என்று கேட்பவர்கள் இந்த இடத்தைத் திரும்பிப் படிக்கவேண்டும்.

அப்புறம் ரொட்டி. அப்பா சுரங்க வெடிப்பில் செத்துப்போகிறார். அம்மா பேச்சற்று உட்கார்ந்துவிடுகிறாள். பதினொரு வயதுக் காட்னிஸ், தங்கை குழந்தையாக இருந்தபோது போட்ட பழைய துணிகளைக் கொட்டும் மழையில் விற்கப் பார்க்கிறாள். ஒருவரும் வாங்கவில்லை. ரொட்டிக்கடைக்குப் பின்னால் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்க்கிறாள். அதுவும் காலி. கடைக்காரி விரட்டுகிறாள். அப்போதுதான் கடைக்காரர் மகன் பீட்டா இரண்டு ரொட்டிகளை வேண்டுமென்றே தீய்த்துவிட்டு, அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டு, பன்றிக்குப் போடுகிற சாக்கில் அவள் பக்கம் வீசுகிறான். உள்ளே கொட்டைகளும் திராட்சையும் வைத்துச் சுட்ட நல்ல ரொட்டி.

அந்த அத்தியாயத்தில் ஒரு வரி வருகிறது. அந்த மாவட்டத்தில் பசியால் சாகிறவர்கள் உண்டு, ஆனால் அரசாங்கக் கணக்கில் பசியால் யாரும் செத்ததே கிடையாது, காய்ச்சல், குளிர், நிமோனியா என்றுதான் எழுதுவார்கள் என்று. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஒரு சிறுமி செத்துப்போனாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று அவர்கள் வீட்டு ரேஷன் அட்டையை ரத்து செய்திருந்தார்கள். பிள்ளை சோறு கேட்டுச் செத்தது என்றார் தாய். மலேரியா என்றார்கள் அதிகாரிகள். அவளுக்கும் வயது பதினொன்று. இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

'பசி வந்திடப் பத்தும் பறந்துபோம்' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அந்தப் பத்து எவையெவை என்று ஔவையின் நல்வழிப் பாட்டில் வரிசையாக இருக்கிறது: மானம், குலம், கல்வி என்று போய், கடைசியில் நிற்பது காதல். காட்னிஸைக் கல் என்பவர்களுக்கு என் பதில் இதுதான். பதினொரு வயதில் குப்பைத்தொட்டியைத் திறந்த பெண்ணுக்கு ஒரு பையன் எதையாவது கொடுத்தால் முதலில் தோன்றுவது கடன்பட்டுவிட்டோமே என்பதுதான். அவள் அந்த ரொட்டிக் கடனை மூன்று புத்தகம் முழுக்கச் சுமக்கிறாள். காதலா கடனா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. களத்தில் இது இன்னும் கொடுமையாகிறது. குகைக்குள் காயத்தோடு கிடக்கும் பீட்டாவை அவள் முத்தமிட்டதும் வெளியே ஒரு பானை சூப் பாராசூட்டில் வந்து இறங்குகிறது. ஒரு முத்தத்துக்கு ஒரு பானை. வழிகாட்டி ஹேமிட்ச் அனுப்பும் செய்தி அது. நாட்டு மக்கள் காதல் கதை பார்க்க விரும்புகிறார்கள், காதலித்தால் சோறு. இதைப் படித்துவிட்டு நீங்கள் பீட்டா கட்சியா கேல் கட்சியா என்று கேட்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. பிள்ளைகள் அப்படிக் கேட்கட்டும், அந்த வயதில் கேட்காமல் எப்போது கேட்பது? பெரியவர்களும் அதோடு நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் மாடியில் எல்லோரும் ஒருமித்துக் கைதட்டிய காட்சி ஒன்று உண்டு. ரயிலில் கேபிட்டலுக்குப் போகும்போது, கூட்டிப்போகும் எஃபி என்ற பெண், நீங்கள் இருவரும் பரவாயில்லை, போன வருடம் வந்த இரண்டு பேரும் காட்டுமிராண்டிகள் போல எல்லாவற்றையும் கையால் தின்றார்கள், எனக்கு வயிற்றைப் புரட்டியது என்கிறாள். காட்னிஸுக்குக் கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியும். அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் அதைக் கேட்டதும் மிச்சச் சாப்பாட்டை வேண்டுமென்றே விரலால் சாப்பிட்டு, கையை மேஜை விரிப்பிலேயே துடைக்கிறாள். கையால் சாப்பிடுகிற நமக்கு அந்த இடம் தனியாகத் தைக்கும். அமெரிக்க வாசகர் இதைத் துடுக்குத்தனம் என்று ரசித்துவிட்டுப் போகலாம். நான் அதில் கண்டது, போன வருடம் வந்த அந்த இரண்டு பேரையும்தான். ஒரு நாள்கூட வயிறார உண்டிராத சுரங்கக் குடியிருப்புப் பிள்ளைகள். வாழ்க்கையில் முதல்முறையாக நிறைய உணவைப் பார்த்து அள்ளித் தின்றிருக்கிறார்கள். சில நாட்களில் செத்தும் போனார்கள். எஃபிக்கு நினைவில் நின்றது அவர்கள் சாப்பிட்ட விதம் மட்டும்தான்.

இரண்டாம் பாகத்தில் இதற்கு மறுபக்கம் வருகிறது. கேபிட்டல் விருந்தில் வயிறு நிரம்பியவர்களுக்கு ஒரு பானம் தருகிறார்கள். அதைக் குடித்தால் வாந்தி வரும். பிறகு மறுபடியும் சாப்பிடலாம். அந்த இரண்டாம் பாகம் 2013இல் படமாக வந்தபோது, ஒரு அழகுசாதன நிறுவனம் கேபிட்டலின் பெயரிலேயே ஒப்பனைப் பொருட்களை விற்றது. அப்போது பல வாசகர்கள் கொதித்தார்கள். அவர்கள் கொதித்தது சரி.

வாசகர் கருத்துகளில் என்னை மிகவும் காயப்படுத்தியது ரூ விஷயம். பதினோராம் மாவட்டத்துச் சிறுமி, 12 வயது. அடர்ந்த பழுப்பு நிறத் தோல், பழுப்புக் கண்கள் என்று புத்தகத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. 2012இல் படம் வந்து, கறுப்பினச் சிறுமி அமாண்ட்லா ஸ்டென்பெர்க் ரூவாகத் திரையில் தோன்றியதும், புத்தகத்தை விரும்பிப் படித்ததாகச் சொன்னவர்களே ட்விட்டரில் கோபப்பட்டார்கள். அவள் கறுப்பு என்று தெரிந்ததும் அவள் சாவு அவ்வளவு வலிக்கவில்லை என்று எழுதினார்கள். எழுதியவர்களில் பலர் பதின்வயதினர். கண் வரியின் மேல் ஓடியிருக்கிறது. மனம் தனக்குப் பழகிய வெள்ளை முகத்தை அங்கே ஒட்டிக்கொண்டது. காட்னிஸுக்கு ஆள் தேடியபோதும் வெள்ளையினப் பெண்களையே கேட்டார்கள் என்று 2011இலேயே எதிர்ப்பு வந்தது. புத்தகத்தில் அவளுக்கு ஆலிவ் நிறத் தோல், கறுத்த முடி.

ரூவையும் பசியோடு சேர்த்துப் படித்தால்தான் அவள் யாரென்று தெரிகிறது. காட்னிஸ் சுட்ட காட்டுப்பறவையின் ஒரு காலை அவளிடம் கொடுக்கிறாள். ஒரு முழுக் காலை நான் தனியாகச் சாப்பிட்டதே இல்லை என்கிறாள் ரூ. அவள் மாவட்டம் விவசாய மாவட்டம், நாட்டுக்கே சோறு போடுவது. அங்கே விளைந்ததை எடுத்துத் தின்றால் ஊர் நடுவில் வைத்துச் சவுக்கடி. விதைக்கிறவர்களுக்கு உண்ணும் உரிமை இல்லை. அவள் செத்தபின், அந்தப் பதினோராம் மாவட்டம் காட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்புகிறது. பிறைநிலா வடிவில், மேலே விதைகள் தூவிய கறுத்த ரொட்டி. களத்துக்குள் ஒரு சின்னப் பொருள் அனுப்பவே பெரும் பணம் வேண்டும். பட்டினி கிடக்கிற மக்கள் தங்கள் பிள்ளைக்கென்று சேர்த்த காசு அது. ஒரு மாவட்டம் இன்னொரு மாவட்டத்துப் பிள்ளைக்குச் சோறு போடுவது இதுவே முதல்முறை. புரட்சி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், அந்த ரொட்டியைத்தான் காட்டுவேன். படத்தில் அந்த ரொட்டி இல்லை, கலவரம்தான் இருக்கிறது. கலவரம் கண்ணுக்கு விறுவிறுப்புதான், ஆனால் எனக்கு அந்த ரொட்டியை விட்டது பெரிய நஷ்டம்.

ஜப்பானிய நாவல் சர்ச்சையில் எனக்கு அதிக ஆர்வமில்லை. கௌஷுன் தாகாமியின் 'பேட்டில் ராயல்' 1999இல் வந்தது. ஒரே வகுப்பு மாணவர்களை ஒரு தீவில் விட்டு அடித்துக்கொள்ள வைக்கும் கதை. தன் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்த பிறகுதான் அப்படி ஒரு நூல் இருப்பதே தெரியும் என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். அங்கே கேள்வி, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த நண்பனை நம்பலாமா என்பது. இங்கே அது இல்லை. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும், அதிகம் எதிர்ப்புக்கு உள்ளான புத்தகங்களின் பட்டியலில் 2010, 2011, 2013 ஆண்டுகளில் இந்த நாவல் இடம்பெற்றது. வன்முறை, வயதுக்கு ஒவ்வாதது என்ற காரணங்களாவது புரிகின்றன. ஒரு வருடம் பில்லி சூனியமும் காரணப் பட்டியலில் இருந்தது. இந்த நாவலில் ஒரு மந்திரம்கூட கிடையாது.

எதிர்த்தவர்கள் பயந்த மாதிரி யாரும் இதைப் படித்துவிட்டு வில்லெடுத்துக்கொண்டு கிளம்பவில்லை. மூன்று விரலைத்தான் தூக்கினார்கள். பன்னிரண்டாம் மாவட்டத்தில் சாவு வீட்டில், நேசித்த ஒருவரை நன்றியோடு வழியனுப்பும் சைகை அது. 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மாணவர்கள் அதைக் காட்டிக் கைதானார்கள். அந்த நவம்பரில் பாங்காக்கில் சில தியேட்டர்கள் படத்தையே ரத்து செய்தன. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் வந்தபோது மருத்துவர்களும் செவிலியர்களும் அதே மூன்று விரலைத் தூக்கினார்கள். ஐ.நா. பொதுச்சபையில் மியான்மர் தூதர் சோ மோ துன் பேசி முடித்துத் தூக்கியதும் அதையேதான். புத்தகத்தில் அந்தச் சைகையைச் செய்த கூட்டத்தில் ஒரு முதியவரைச் சுட்டுக்கொல்கிறார்கள். யாங்கோனிலும் மாண்டலேயிலும் தூக்கியவர்களுக்கு அது தெரிந்தே இருந்திருக்கும்.

வாசகர்கள் சொல்லும் குறைகளில் நான் ஒத்துக்கொள்வதும் உண்டு. முதல் மாவட்டம், இரண்டாம் மாவட்டத்திலிருந்து பயிற்சி எடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் வெறும் முரடர்களாகவே நின்றுவிடுகிறார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே? முதல் பாகக் கடைசியில், செத்தவர்களின் கண்களோடு வரும் ஓநாய் மிருகங்கள் எனக்கு ஒட்டவில்லை. கேக் அலங்கரிக்கத் தெரிந்ததால் பீட்டா பாறையாகவே மாறிச் சேற்றில் ஒளிந்துகிடப்பதும் நம்பும்படி இல்லை.

ஆனால் மூன்றாம் பாகமான 'மாக்கிங்ஜே' பற்றி வரும் வசவுகளை என்னால் ஏற்க முடியாது. 2010இல் வந்ததிலிருந்து ஒரே புலம்பல். காட்னிஸ் பாதிப் புத்தகம் மருந்து மயக்கத்தில் கிடக்கிறாள், அலமாரிக்குள் ஒளிகிறாள், கடைசியில் ப்ரிம்மும் செத்துப்போகிறாள், அப்புறம் எதற்காக இவ்வளவும் என்கிறார்கள். "தங்கச்சிக்காகத்தானே அத்தை எல்லாம் ஆரம்பிச்சது?" என்று எங்கள் வீட்டிலும் அழுகை.

அதில், அழிந்துவிட்டதாகக் கேபிட்டல் சொல்லிவந்த பதின்மூன்றாம் மாவட்டத்தைக் கவனியுங்கள். கேபிட்டலை எதிர்க்கும் போராளிகளின் தளம் அது. அங்கே சாப்பாடு ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான். காட்னிஸின் ஒப்பனைக் குழுவினர் மூன்று பேரையும் அங்கே சங்கிலியில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். குற்றம், ரொட்டி எடுத்தது. அவளுக்கு அப்போதே அந்த இடத்தின் வாசனை தெரிந்துவிடுகிறது. சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை அடக்குவது தலைநகரத்தின் தனிச்சொத்தில்லை. கேலுக்கு அதில் இரக்கமில்லை. உன்னைக் கொலைக்களத்துக்குச் சிங்காரித்து அனுப்பியவர்கள்தானே என்கிறான்.

பிறகு அந்தக் கடைசி நாள். களத்தில் பசித்த பிள்ளைகளுக்குச் சாப்பாடும் மருந்தும் வெள்ளிநிறச் சின்னப் பாராசூட்டில் வந்து இறங்கும் என்று நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே பாராசூட்டுகள் ஜனாதிபதி மாளிகை முன் அடைபட்டு நிற்கும் கேபிட்டல் குழந்தைகள் மேல் இறங்குகின்றன. அவர்கள் கையை நீட்டி வாங்குகிறார்கள். வெடிக்கிறது. காப்பாற்ற மருத்துவர்கள் ஓடிவருகிறார்கள், அவர்களில் ப்ரிம்மும் ஒருத்தி. மிச்சம் வெடிக்கிறது. இப்படி இரண்டு கட்டமாக வெடிக்கும் பொறியை யோசித்தவர்களில் கேல் ஒருவன். குடும்பத்துக்குச் சோறு போட முயலுக்குக் கண்ணி வைத்துப் பழகிய கை அது. ஆண்டுக்கணக்கில் சாப்பாட்டைக் காட்டியே பிள்ளைகளைக் கொன்ற நாட்டில், விடுதலை கொண்டுவருவோரும் அதே தூண்டிலைப் போடுகிறார்கள். ப்ரிம் வேறு எப்படிச் செத்திருந்தாலும் இந்தக் கதை தன் முதல் அத்தியாயத்துக்குத் துரோகம் செய்திருக்கும். காட்னிஸ் அலமாரிக்குள் ஒளிவதைக் கோழைத்தனம் என்பவர்கள் பதினேழு வயதில் இதையெல்லாம் பார்த்த பிள்ளை வேறு எங்கே போகும் என்று சொல்லட்டும்.

எங்கள் மாடியில் தீராமல் நிற்பது ஒரே விஷயம்தான். போர் முடிந்தபின், கேபிட்டல் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு முறை போட்டி நடத்தலாமா என்று பதின்மூன்றாம் மாவட்டத் தலைவி காயின், பழைய போட்டிகளில் வென்று மிஞ்சியவர்களிடம் ஓட்டுக் கேட்கிறாள். ப்ரிம்முக்காக என்று சொல்லி, சரி என்று ஓட்டுப் போடுகிறாள் காட்னிஸ். சில பக்கங்கள் கழித்து அவள் எய்த அம்பு, பழைய ஜனாதிபதி ஸ்னோவை விட்டுவிட்டுக் காயின் மேல் பாய்கிறது. காயினை நம்பவைக்கத்தான் அந்த ஓட்டு என்று நான் படிக்கிறேன். டெஸரா கணக்கைப் பன்னிரண்டு வயதில் கற்றவள் இன்னொரு குடுவையில் பிள்ளைகளின் பெயரைப் போடமாட்டாள். என் அண்ணன் மகள் அதை மறுக்கிறாள். "இல்ல அத்தை, அந்த நிமிஷம் அவ நிஜமாவே அதைக் கேட்டா. தங்கச்சி செத்திருக்கா. அம்பு விடும்போதுதான் மனசு மாறுது" என்கிறாள். ஹேமிட்ச் அவளைப் பார்த்துவிட்டு அவள் பக்கமே ஓட்டுப் போடுவதை என் பக்கத்துச் சாட்சியாகக் காட்டினேன். ஹேமிட்சும் கோபத்தில்தான் போட்டான் என்கிறாள். 2025 மார்ச்சில் வந்த, ஹேமிட்சின் இளமைக்காலத்தைச் சொல்லும் 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' புத்தகத்தை இப்போது முடித்திருக்கிறாள். அதைப் படித்தபிறகு அவள் கட்சி இன்னும் வலுவாகிவிட்டதாம்.